தனியாட்டத்தில் எதிரே இருப்பது யார்?

மேசையில் ஒரு சீட்டுக்கட்டு, இரண்டு மூன்று பகடைகள், ஒரு நோட்டுப்புத்தகம். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. ஒருவர் பகடையை உருட்டுகிறார், எண்ணைப் பார்த்துச் சற்று யோசிக்கிறார், பிறகு நான்கு வரி எழுதுகிறார். இவர் கதை எழுதுகிறாரா, விளையாடுகிறாரா என்று பார்ப்பவர் குழம்புவது இயல்பே. அந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன: தன்னைத்தானே எதிர்த்து ஆடித் தோற்க முடியுமா? யாரும் பார்க்காதபோது முடிவைத் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள மாட்டாரா?

இரண்டும் ஒரே புள்ளியைத்தான் தொடுகின்றன. அடுத்து என்ன நடக்கும் என்பது ஆடுபவருக்குத் தெரியாமல் இருக்கும் வரைதான் எந்த ஆட்டமும் ஆட்டமாக இருக்கிறது. பலர் ஆடும்போது அந்தத் தெரியாமையை எதிராளி தருகிறார். அவர் இல்லாதபோது அதை எங்கிருந்து பெறுவது என்பதுதான் தனியாட்டத்தை வடிவமைப்பவர்கள் அனைவரும் தீர்க்க முயலும் சிக்கல்.

## சில சொற்கள்

கணினியோ கைப்பேசியோ இன்றி, பலகை, சீட்டு, பகடை, தாள் ஆகியவற்றைக் கொண்டு ஒருவர் மட்டும் ஆடுவதை இங்கே தனியாட்டம் என்று குறிப்பிடுகிறோம். அதில் ஒரு கிளை, நாட்குறிப்பு ஆட்டம். சீட்டோ பகடையோ ஒரு சிறு வரியைச் சுட்டிக்காட்டும். ஆடுபவர் தன் கற்பனைப் பாத்திரத்தின் நிலையிலிருந்து அதற்கு விடையை எழுதுவார். எழுத வைக்கும் அந்தச் சிறு வரியைத் தூண்டுவரி எனலாம். ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் சார்பில் முடிவெடுத்து, அம்முடிவின் பலனைப் பகடையிடம் விடுவது பாத்திரமேற்பு ஆட்டம். வழக்கமாக அதில் உலகத்தையும் மற்ற பாத்திரங்களையும் இயக்க ஒரு நடத்துநர் இருப்பார். அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பதிலாகக் கேள்விகளுக்கு விடை சொல்லும் அட்டவணையை ஆங்கிலத்தில் ஆரக்கிள் என்கிறார்கள். தமிழில் குறி அட்டவணை என்பது பொருந்தும். குறி சொல்பவர் கூறுவது பெரும்பாலும் பாதி வாக்கியம்தான், மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார் என்பதால், அந்தச் சொல் இந்த ஆட்டத்தின் உள்ளியல்பையும் காட்டிக்கொடுக்கிறது.

## புதிய மோகம் அல்ல

துளைகள் கொண்ட பலகையில் முளைகளைத் தாண்டித் தாண்டி நீக்கும் சாலிடேர் ஆட்டத்தை ஒரு பிரெஞ்சு இளவரசி ஆடுவதாகக் காட்டும் செதுக்கோவியம் 1697ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1710இல் அதே ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தனியாக ஆடும் சீட்டாட்டங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேர் சீட்டாட்டம், அந்த நீண்ட மரபைக் கணினித் திரைக்குக் கொண்டுபோனது.

பாத்திரமேற்பு ஆட்டத்தின் வரலாற்றிலும் தனியாட்டம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று அல்ல. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. மறு ஆண்டே அதன் பதிப்பாளர்கள் தொடங்கிய இதழின் முதல் வெளியீட்டில், நிலவறைகளைப் பகடையால் உருவாக்கித் தனியாகவே ஆடுவதற்கான அட்டவணைகளைக் கைகாக்ஸ் தந்தார். 1976இல் டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ் ஆட்டத்துக்கென எழுதப்பட்ட பஃபலோ காசில், எண்ணிடப்பட்ட பத்திகளாக அமைந்து, ஆடுபவர் தன் தேர்வுக்கேற்ப ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தனிநபர் சாகசம். இந்த வடிவம் 1982இல் தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன் என்ற 400 பத்திகள் கொண்ட நூலின் வழியாகப் பெருந்திரளான வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் எண்ணிட்ட பத்திகளுக்கு ஒரு எல்லை இருந்தது. எல்லாப் பாதைகளையும் ஒருவர் முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டார். இடப்பக்கக் கதவின் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால், மறுமுறை அந்தக் கதவுக்கு வேலை இல்லை. நூலாசிரியர் எழுதாத கேள்வியை ஆடுபவர் கேட்கவும் முடியாது. குறி அட்டவணை வளர்ந்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

## எதிராளி செய்துவந்த வேலைகள்

மேசைக்கு எதிரே இருப்பவர் உண்மையில் மூன்று வேலைகளைச் செய்கிறார்.

1. தடுக்கிறார். நமக்கு வேண்டிய இடத்தை நமக்கு முன்பே எடுத்துக்கொள்கிறார். அவர் முந்திவிடுவார் என்பதால் நாமும் விரைகிறோம்.

2. நாம் எதிர்பாராததைச் சொல்கிறார். நாம் கேட்ட கேள்விக்கு, நாம் நினைத்திராத விடையை வைக்கிறார்.

3. சாட்சியாக இருக்கிறார். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை இருவருக்கும் பொதுவாக நிறுத்திவைக்கிறார்.

தனியாட்ட வகைகளுக்கு இடையிலான வேறுபாடு, இந்த மூன்றில் எதற்கு மாற்று தேடுகின்றன என்பதைப் பொறுத்தது. பலகை விளையாட்டுகள் முதல் வேலையையும், குறி அட்டவணைகள் இரண்டாவதையும், நாட்குறிப்பு மூன்றாவதையும் கையில் எடுக்கின்றன. இந்தப் பிரிப்பு அவ்வளவு சுத்தமானது அல்ல. நல்ல ஆட்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்டதைத் தொடுகின்றன.

முதல் வேலையை எந்திரமாக்குவதுதான் மூன்றிலும் எளிது. பலர் ஆடும் பலகை விளையாட்டைத் தனியாக ஆட, ஆட்டோமா எனப்படும் செயற்கை எதிராளியைச் சேர்க்கிறார்கள். 2016இல் வெளிவந்த சைத் ஆட்டத்தில் இது ஒரு சிறு சீட்டுக்கட்டாக இருக்கிறது: ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டைப் புரட்டினால், எதிரணி எங்கே நகர்கிறது, என்ன பெறுகிறது என்பது தெரிந்துவிடும். மனித எதிராளி போடும் கணக்குகள் எதையும் அது போடுவதில்லை. அவரால் நமக்கு ஏற்படும் பாதிப்பை மட்டும் உண்டாக்குகிறது, அது போதுமானதாகவும் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே ஒருவருக்காக மட்டும் வடிவமைக்கப்பட்டவை வேறு வகை. 2011இல் வந்த ஃபிரைடே என்ற சீட்டாட்டத்தில் சண்டையில் தோற்றால் உயிர்ப்புள்ளி குறையும். ஆனால் அந்த விலையைக் கொடுத்துச் சீட்டுக்கட்டிலுள்ள பயனற்ற சீட்டுகளை நீக்கலாம். எங்கே தோற்பது என்று தேர்ந்தெடுப்பதே அங்கே திறமை.

## குறி கேட்பது எப்படி நடக்கிறது

குழப்பம் மிகுதியாக இருப்பது இங்கேதான் என்பதால், ஒரு காட்சியை முழுமையாக ஆடிப் பார்ப்பது உதவும். ஷான் டாம்கின் 2018இல் வெளியிட்ட அயர்ன்ஸ்வார்ன் ஆட்டத்தின் விதிகளை எடுத்துக்கொள்வோம். அதன் மின்நூலை இலவசமாகவே பெறலாம்.

கடிதம் ஒன்றைச் சுமந்து செல்லும் தூதர் அந்தி நேரத்தில் ஆற்றங்கரைக்கு வருகிறார். ஆடுபவர் முதலில், ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வி ஒன்றை எழுப்புகிறார்: படகு இந்தக் கரையில் இருக்கிறதா? அடுத்து, அதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடுகிறார். ஏறத்தாழ உறுதி என்றால் 90 விழுக்காடு, இருக்கலாம் என்றால் 75, சரிபாதி என்றால் 50, ஐயம் என்றால் 25, அரிது என்றால் 10. இங்கே படகுத்துறையில் படகு இருப்பது இயல்பு என்பதால் 75 விழுக்காட்டைத் தேர்கிறார். நூறு வரை எண் தரும் இரட்டைப் பகடையில் 26 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஆம். விழுந்தது 14. படகு இல்லை.

ஏன் இல்லை? இப்போது ஆம்-இல்லை கேள்வி உதவாது. ஆடுபவர் சொல் அட்டவணைகளை நாடுகிறார். ஒன்று செயலைச் சொல்லும், இன்னொன்று பொருளைச் சொல்லும். விழுந்த இரு சொற்கள் ‘மறைத்தல்’, ‘கடன்’ என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் இவற்றுக்கும் ஆற்றங்கரைக்கும் தொடர்பே இல்லை. சேர்த்துப் பார்த்தால் படகோட்டி கடனாளி ஆகிறார். கடன் கொடுத்தவர் படகைப் பறித்துக்கொண்டு போய்விடுவார் என்று அஞ்சி, அதை நாணலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். இந்தப் படகோட்டி ஒரு நிமிடத்துக்கு முன்பு இல்லை. அவரை ஆடுபவரும் திட்டமிடவில்லை, அட்டவணையும் எழுதிவைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் பிறந்தார்.

இனித் தூதர் படகோட்டியைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இது செயல் என்பதால் வேறு பகடைகள். ஒரு ஆறுமுகப் பகடையின் எண்ணோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி, அதை இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் மிஞ்சினால் அரைகுறை வெற்றி, எதையும் மிஞ்சாவிட்டால் தோல்வி. திறன் 2, பகடையில் 4, ஆக 6. எதிரே 3உம் 8உம். ஒன்றை மட்டும் மிஞ்சியதால் படகோட்டி ஒப்புக்கொள்கிறார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை என்ன என்பதை ஆடுபவர் முடிவு செய்ய வேண்டும், அல்லது மீண்டும் குறி கேட்க வேண்டும்.

இந்த எண்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. திறன் 2 என்றால், கணக்குப்படி முழு வெற்றி கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு, அரைகுறை வெற்றி 44, தோல்வி 33. அதாவது, மிக அடிக்கடி நிகழ்வது ‘ஆம், ஆனால்’ என்ற விடைதான். நேரான வெற்றியும் நேரான தோல்வியும் காட்சியை முடித்துவிடுகின்றன. ‘ஆனால்’ என்ற சொல் மட்டுமே அடுத்த காட்சியைத் திறக்கிறது. நடத்துநர் இல்லாத ஆட்டம் தானாக நகர வேண்டுமானால், இந்தச் சாய்வு அதற்குத் தேவைப்படுகிறது.

இதற்கு முன்பே, 2000களின் தொடக்கத்தில் வந்த மித்திக் என்ற முறை, கதையின் போக்கையே ஒரு எண்ணாக மாற்றிக் காட்டியது. குழப்ப எண் என்று அதைச் சொல்லலாம். 1 முதல் 9 வரை செல்லும் அது 5இல் தொடங்குகிறது. பாத்திரத்தின் கையை மீறி நிகழ்வுகள் போனால் ஏறுகிறது, அடங்கினால் இறங்குகிறது. எண் ஏற ஏற, நினைத்த காட்சி நினைத்தபடி தொடங்காமல் போகும் வாய்ப்பும் ஏறுகிறது.

## பகடைக்கு நினைவில்லை, சீட்டுக்கட்டுக்கு உண்டு

எந்தக் கருவி தெரியாமையைத் தருகிறது என்பது ஆட்டத்தின் உணர்வையே மாற்றிவிடுகிறது. பகடை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. முந்தைய பத்து உருட்டல்களுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு கிடையாது. சீட்டுக்கட்டில் எடுத்த சீட்டு திரும்ப வராது, ஆகவே அங்கே காலம் ஒரே திசையில் ஓடுகிறது.

கிறிஸ் பிசெட் 2020இல் வெளியிட்ட தி ரெச்சட் இதைத் திறமையாகக் கையாள்கிறது. எந்திரம் செயலிழந்து விண்வெளியில் மிதக்கும் கப்பலில் எஞ்சியிருக்கும் ஒரே மனிதராக ஆடுபவர் இருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஆறுமுகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணளவு சீட்டுகளை எடுத்து, அவை சுட்டும் நிகழ்வுகளைப் படித்து, அன்றைய குறிப்பைக் குரலில் பதிவு செய்கிறார். சில சீட்டுகள் வரும்போது, ஜெங்கா கட்டைக் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் ஆட்டம் முடிந்தது. நான்கு ராஜாக்களும் வெளிவந்தாலும் முடிந்தது.

நன்றாகக் கலைத்த 52 சீட்டுகளில் முதல் ராஜா சராசரியாக 10 அல்லது 11ஆவது சீட்டாகவும், நான்காவது ராஜா 42 அல்லது 43ஆவது சீட்டாகவும் வரும். ஆனால் சராசரியை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. மூன்று ராஜாக்கள் வந்துவிட்ட பிறகு, ராஜா அல்லாத ஒவ்வொரு சீட்டும் ஆறுதலாக வந்து, அதே நேரத்தில் எஞ்சிய சீட்டுக்கட்டைச் சுருக்கி ஆபத்தையும் கூட்டுகிறது. கட்டைக் கோபுரம் இதற்கு ஒரு படி மேலே போகிறது: அங்கே தெரியாமை எண்ணில் இல்லை, ஆடுபவரின் விரல் நடுக்கத்தில் இருக்கிறது.

## எழுதுவது எதற்காக

எதிராளியின் மூன்றாவது வேலை சாட்சியம் என்று மேலே கூறினோம். நாட்குறிப்பின் முதல் பயன் அதுதான். படகோட்டி கடனாளி என்று எழுதிவிட்டால், அடுத்த அமர்வில் அவர் செல்வந்தராக மாற முடியாது. மனத்தில் மட்டும் வைத்திருப்பது அவ்வப்போதைய விருப்பத்துக்கு வளையும். தாளில் இருப்பது வளையாது.

சில ஆட்டங்களில் எழுத்தே ஆட்டக்காயாகிறது. ஸ்காட் மால்ட்ஹவுஸின் குவில் (2016) ஆட்டத்தில் ஆடுபவர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறார். உயர்ந்த சொல்லைக் கையாளலாமா, தாழ்ந்த சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. கடிதத்தை முடித்த பிறகு புள்ளிகளை எண்ணி, பெறுபவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதை அறியலாம்.

டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கிய தவுசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர் இன்னும் ஆழமாகப் போகிறது. நூற்றாண்டுகள் கடந்து வாழும் இரத்தக் காட்டேரிதான் பாத்திரம். அதற்கு ஐந்து நினைவுகள் மட்டுமே. ஒவ்வொரு நினைவிலும் மூன்று அனுபவங்கள். இடம் நிரம்பியபின் புதியது நடந்தால், பழைய நினைவு ஒன்றை அடித்துவிட வேண்டும், அல்லது நான்கு நினைவுகளை மட்டும் தாங்கும் ஒரு நாட்குறிப்புக்கு மாற்ற வேண்டும். அந்த நாட்குறிப்பும் தொலைந்து போகலாம். தூண்டுவரிகளுக்கிடையே நகர்வதற்குப் பத்துமுகப் பகடையின் எண்ணிலிருந்து ஆறுமுகப் பகடையின் எண்ணைக் கழிக்க வேண்டும். ஆகவே சராசரியாக இரண்டு அடி முன்னே போனாலும், நான்கில் ஒரு முறை பின்னோக்கி இழுக்கப்படும். பத்தில் ஒரு முறை கழித்தல் சுழியாகி, அதே எண்ணில் இருக்கும் அடுத்த தூண்டுவரி எதிர்ப்படும். தாய் மொழியையோ முதல் காதலையோ பற்றித் தன் கையால் எழுதிய வரியைத் தானே கோடிட்டு அடிக்கும்போது ஏற்படும் இழப்புணர்வை, எத்தனை திறமையான எதிராளியாலும் தந்துவிட முடியாது. தனியாக ஆடுவதால் குறையாமல், தனியாக ஆடுவதால் மட்டுமே கிடைக்கும் ஒன்றுக்கு இதைவிடத் தெளிவான சான்றைக் காட்டுவது கடினம்.

எழுத்துத் திறமை இதற்குத் தேவையா என்றால், இல்லை. ‘ஆறு. படகு இல்லை. கடன்.’ என்ற மூன்று துண்டுகளும் செல்லுபடியாகும் நாட்குறிப்பே. கதாசிரியருக்கும் ஆடுபவருக்கும் உள்ள வேறுபாடும் இதில் தெளிவாகிறது: கதாசிரியர் பிடிக்காத வரியை மாற்றி எழுதலாம்; ஆடுபவர் விழுந்த எண்ணை மாற்றுவதில்லை.

## ஏமாற்றுவது பற்றி

மாற்றுவதில்லை என்று சொன்னாலும், யார் தடுக்கப்போகிறார்கள் என்ற கேள்வி நிற்கிறது. அதை ஒரே விடையால் தீர்க்க முடியாது.

1. பொருந்தாத குறியை ஒதுக்கிவிட்டு மீண்டும் உருட்டுவது ஏமாற்று அல்ல. ‘கடல்’ என்ற சொல் பாலைவனத்தின் நடுவில் விழுந்தால், அதற்கு வலிந்து பொருள் தேடுவதைவிட விடுவது நல்லது. பல ஆட்டங்கள் இதற்கு வெளிப்படையாகவே இடம் தருகின்றன.

2. மனத்தைப் புண்படுத்தும் தூண்டுவரியைத் தாண்டிச் செல்வதும் அப்படியே. தனிமை, இழப்பு, மரணம் ஆகியவை நாட்குறிப்பு ஆட்டங்களில் அடிக்கடி வரும் பொருள்கள். எதிரே நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால், அந்தப் பொறுப்பு ஆடுபவருடையது.

3. தோல்வி பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் மீண்டும் உருட்டுவதுதான் சிக்கல். அதில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை, யாருடைய உடைமையும் களவு போகவில்லை. ஆனால் அடுத்த உருட்டலுக்குக் கனம் போய்விடுகிறது. எந்த எண்ணையும் மாற்றலாம் என்றானபின், கை பகடையை எடுக்கும்போது மனம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் குறி கேட்பது. கதவு திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா, நாய் குரைக்கிறதா என்று இருபது கேள்விகள் கேட்டால், காட்சி தற்செயல்களின் குவியலாகிவிடும். விடை எப்படி வந்தாலும் கதையின் போக்கு மாறும் என்ற இடத்தில் மட்டும் கேட்பதும், வெளிப்படையாகத் தெரிவதைக் கேட்காமலே எழுதுவதும் பழக்கத்தால் வரும் கைத்திறன்.

## தொடங்கும்போது

செலவு ஒரு தடை அல்ல. ஒரு சீட்டுக்கட்டும் சில பகடைகளும் நோட்டும் இருந்தால் பல ஆட்டங்களுக்குப் போதும். உண்மையான செலவு கவனத்தில்தான் இருக்கிறது. கணினி விளையாட்டில் விதிகளை எந்திரம் நடத்துகிறது. இங்கே ஆடுபவரே ஆட்டக்காரர், நடுவர், கணக்கர் எல்லாம். பெரிய பலகை விளையாட்டு ஒன்றைத் தனியாக விரித்து, ஆட்டோமாவின் நகர்வையும் தன்னுடையதையும் மாறி மாறிச் செய்து முடித்த பலர், ஆட்டத்தைவிட நிர்வாகமே அதிகம் என்று அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே முதல் ஆட்டமாக, விதிகள் சில பக்கங்களில் முடிந்து, ஒரே அமர்வில் நிறைவு பெறுவதைத் தேர்வது நல்லது.

நீண்ட ஆட்டங்களில் வரும் இடர் வேறு. குழுவாக ஆடும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதே அடுத்த வாரம் மேசைக்கு இழுத்து வருகிறது. தனியாக ஆடுபவரை யாரும் எதிர்பார்ப்பதில்லை; பாதியில் நிற்கும் நோட்டுப்புத்தகங்கள் இதனால்தான் மிகுதி. சீட்டுக்கட்டு தீர்ந்தால் முடியும் ஆட்டங்கள், தம் முடிவைத் தாமே சுமந்து வருவதால் இதிலிருந்து ஓரளவு தப்பிக்கின்றன. மற்றவற்றுக்கு, நீண்ட நாள் ஆடுபவர்கள் கையாளும் ஒரு வழி இருக்கிறது: அன்றைய காட்சியை விடையோடு முடிக்காமல், கேள்வியை எழுதி, அதற்கான வாய்ப்பையும் குறித்துவிட்டு, பகடையை உருட்டாமலே நோட்டை மூடுவது. படகோட்டி கேட்ட நிபந்தனையைத் தூதர் ஏற்றுக்கொண்டார். மறுகரையில் கடன் கொடுத்தவரின் ஆள் நிற்கிறாரா? சரிபாதி.